ஆறு திறப்பும் ஓர் இருமலும்

எனக்குப் பதற்றம் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். றேடியோ கரகரத்தால் பிளக். இஸ்திரிப்பெட்டி கருகி மணத்தால் பிளக். கலியாணமான புதிதில் மனைவி ஒருநாள் கோபத்தில் சத்தம் போட்டபோது என் கை பின்னாலிருந்த சுவரைத் தடவியதாம். இன்றைக்கும் அதை ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள். யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்றுபோன தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் குணம் தானாகப் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பிடுங்குவதற்கு ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு மட்டும் ஒரு பிளக் மிஞ்சியிருந்தது.

அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நான் வேலை பார்த்த கல்வி நிலையத்தின் கணினிக் கூடத்தில் இருந்தது. வெளியூர்ப் பாதை பூட்டுப்படுவதற்கு முன்னர் லொறியில் வந்து சேர்ந்த ஒரேயொரு கொம்பியூட்டர். அதிலிருந்து நாலு திரைகள் கிளைவிட்டிருந்தன. கூடவே ஒரு பிறின்ரர், வெளியே தனிப் பெட்டியாக ஒரு பிளொப்பி இயக்கி. நாலு பேர் நாலு திரைக்கு முன்னால் இருந்தாலும் மூளை ஒன்றுதான். பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் மண்ணெண்ணெய் ஜெனறேற்றர் ஓடும். அதற்குள் இறுதியாண்டுப் பிள்ளைகள் தங்கள் ஆய்வுகளைத் தட்டி, சேமித்து, அச்சடித்துக்கொள்ள வேண்டும்.

திரையும் பிறின்ரரும் பிளொப்பியும் மெசினோடு கதைப்பதற்கு இடையில் ஒரு சிறிய நிரல் தேவை. அதற்கு டிறைவர் என்று பெயர். வந்த பெட்டிக்குள் அது இருக்கவில்லை. நான்தான் எழுதினேன். டிறைவர் எழுதுகிறேன் என்று புத்தூரில் மாமனாருக்குச் சொன்னபோது, எந்த றூட்டில் ஓடுகிறது என்று கேட்டார்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பிறின்ரருக்கு எழுதினால் ஒருவருடைய வெங்காய ஆய்வுக்குள் மற்றவருடைய மீன் ஆய்வு அச்சாகிவிடும். அப்படி நடக்காமல் பூட்டுப் போடவேண்டும். நான் பயந்த சுபாவம். எங்கெங்கே பூட்டு வேண்டும், எங்கெங்கே வேண்டாம் என்று யோசித்தாலே கை பிளக்கைத் தேடும். ஆகவே டிறைவர் முழுவதற்கும் ஒரு பெரிய ஆமைப்பூட்டைக் கொழுவிவிட்டேன். பூட்டு ஒன்று, திறப்பு என்று நாங்கள் சொல்லும் சாவியும் ஒன்று. யார் எந்தச் சாமானைத் தொடுவதென்றாலும் அந்தத் திறப்பை எடுக்க வேண்டும். எடுத்தவர் திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் அறை எடுத்துப் படித்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். சில வீட்டுக்காரர்கள் குளியலறை, கக்கூசு, சைக்கிள் கொட்டில் மூன்றையும் ஒரே பூட்டால் அடைத்து ஒரே திறப்பைத் தருவார்கள். ஒருவன் குளிக்கப் போனால் மற்றவன் சைக்கிளை எடுக்க முடியாது. மூன்றாமவனின் நிலையை நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த வீடுகளில் ஒரு சைக்கிளும் களவு போனதில்லை. என் டிறைவரும் அப்படித்தான். பாதுகாப்பானது, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் விடுதி மேற்பார்வையாளர். எல்லோரும் அவரை மிஸ் என்போம். பெண்பிள்ளைகளின் விடுதியில் தண்ணீர்ப் பம்ப் ஓடாமல் கிடந்தது. பிள்ளைகள் கிணற்றில் அள்ளி வாளிவாளியாக மாடிக்குச் சுமந்தார்கள். மிஸ்ஸுக்கு எங்கள் ஜெனறேற்றரில் கண். ஒருநாள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் எங்கள் தலைவர், நாங்கள் பெரிய சேர் என்பவர், என்னைக் கூப்பிட்டார்.

"ஐசே, மிஸ் வந்து பாத்தவவாம். நாலு பிள்ளையள் இருக்குதுகள், ஒண்டுதான் தட்டுது, மற்ற மூண்டும் கூரையைப் பாக்குதுகள் எண்டு நிருவாகக் குழுவிலை சொல்லிப்போட்டா. பிள்ளையள் கூரையைப் பாக்கிறதுக்கு மண்ணெண்ணெய் எரிக்கிறதோ எண்டு கேக்கிறா."

"அவ கேக்கிறதிலை நியாயம் இருக்குச் சேர்."

"நியாயம் இருக்கிறபடியால்தானே உம்மைக் கூப்பிட்டனான். இல்லாட்டி நானே சமாளிச்சிருப்பன். அடுத்த கூட்டத்துக்குக் குழு இங்கை வந்து பாக்கும். நாலு திரையும் ஒண்டா ஓடோணும். இல்லையெண்டால் எஞ்சின் பம்புக்குப் போகும். கூடத்தைப் பூட்டிப்போட்டு நீர் வீட்டை போகலாம்."

வேலையில்லாமல் வீடு என்றால் மனைவியின் ஊரான புத்தூர். புத்தூர் என்றால் மச்சானின் வெங்காயத் தோட்டம். எனக்கு வேலை போகப்போவதாக யார் சொன்னார்களோ தெரியாது, எனக்கென்று ஒரு மண்வெட்டிக்குப் புதுப்பிடி போட்டுவைத்திருப்பதாக மச்சான் அந்தக் கிழமையே சொல்லியனுப்பினான். வெயிலில் குனிந்து நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதை நினைத்ததும் எனக்கு வீரம் பிறந்தது. பெரிய பூட்டைக் கழற்றி ஆறு சிறிய பூட்டுகளைப் போடத் தொடங்கினேன். திரைக்கு ஒன்றாக நாலு, பிறின்ரருக்கு ஒன்று, பிளொப்பிக்கு ஒன்று. குளிப்பவன் குளிக்கட்டும், சைக்கிள்காரன் போகட்டும்.

சொல்லச் சுகம். ஒரு பூட்டைக் கழற்றும்போது அந்த ஒன்றை நம்பி எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, இதற்குப் பிறின்ரர் திறப்புப் போதுமா, பிளொப்பித் திறப்பும் வேண்டுமா என்று பிரித்தேன். பிழை வந்தால் எப்படியும் பிளக் இருக்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வேலை செய்தது. முதல்நாள் பின்னேரம் நாலு விசைப்பலகையும் ஒன்றாகத் தட்டப்பட்டன. பிறின்ரர் ஒருவருடைய பக்கத்தைக் கிறுகிறுவென்று அடித்துக்கொண்டிருக்க, மற்ற மூவரும் அதைச் சட்டை பண்ணாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பரீட்சை மேற்பார்வையாளரைப் போல உலாவினேன்.

நாலு பேரில் வாயாடி, தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து விடுதியில் இருந்த ஒரு பிள்ளை. வெங்காயத்துக்கு வரும் நோய்களைப் பற்றி ஆய்வு செய்தாள். என்னைத் துரத்திக்கொண்டு வரும் அதே வெங்காயம்.

"சேர், பம்ப் வந்தால் எனக்குக் குளிக்கத் தண்ணி. பம்ப் வராட்டி எனக்கு ஆய்வு. நான் எந்தப் பக்கம் கும்பிடுறது?"

"இந்தப் பக்கம் கும்பிடும் பிள்ளை. அழுக்காப் பட்டம் வாங்கலாம்."

அடுத்த கிழமை மெசின் விறைத்தது. நாலு திரையும் ஒரே நேரத்தில் அப்படியே நின்றன. எதைத் தட்டினாலும் அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகியதும் எழும்பியது. பிள்ளைகள் தட்டியதெல்லாம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் விறைத்தது, திரும்பவும் பிளக். மூன்றாம் முறைதான் ஒன்றைக் கவனித்தேன். விறைப்பதற்குச் சற்று முன்னர் ஒவ்வொரு முறையும் வெளியே ஜெனறேற்றர் இருமியிருந்தது.

ஜெனறேற்றரை ஓட்டியவர் குருநகர்க்காரர். முன்னர் படகு எஞ்சின் திருத்தியவர். கடலுக்குப் போக முடியாமல் போனபின் எங்களிடம் வந்து சேர்ந்தார். குழாய் நுனியால் எஞ்சினுக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி, சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுப்பார். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு, தான் அதைப் பெற்றெடுத்ததுபோலச் சுற்றிப் பார்ப்பார். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மாஸ்ரர் என்பார். அன்றுவரை நல்ல உறவு.

"அண்ணை, உங்கடை எஞ்சின் இருமினவுடனை என்ரை மெசின் விறைக்குது. கரண்ட் குறைஞ்சு போகுதாக்கும்."

"மாஸ்ரர், நான் பூட்டின எஞ்சினிலை சனம் கச்சதீவுக்குப் போய்ப் பூசை கண்டிட்டு வந்தது. விறைச்சது உங்கடை மெசின்."

"கடலிலை ஓடுற எஞ்சின் வேறை அண்ணை."

"ஓம், வேறைதான். அங்கை எஞ்சின் நிண்டால் ஆள் முடிஞ்சான். இங்கை நிண்டால் நீங்கள் ஒரு வயரைப் பிடுங்கிப்போட்டு என்னைப் பாத்து முழுசுறியள்."

அண்ணையோடு கதைத்து வெல்ல முடியாது. ஆனால் குற்றவாளி கிடைத்துவிட்டதில் மனம் ஆறுதலாக இருந்தது. ஆய்வுகூடம் ஒன்றில் கெஞ்சி, மின்னழுத்தத்தைச் சீராக்கும் பெட்டியொன்றை வாங்கிவந்து நடுவில் கொழுவினேன். முன்பக்கத்தில் முள் ஆடும் மீற்றர் இருந்தது. எஞ்சின் இருமினால் முள் ஒரு மயிரிழைதான் அசையும். ஆனாலும் மெசின் விறைத்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். குழு வருகிற நாள் கிட்டியது. தலையைத் தொங்கப்போட்டபடி வீட்டுக்குள் நடந்தேன்.

"வெங்காயம் நடுறதுக்கு இப்பவே குனிஞ்சு பழகுறியளோ?" என்று மனைவி கேட்டாள்.

பழைய ஆமைப்பூட்டையே திரும்பக் கொழுவிவிடலாமா என்றும் யோசித்தேன். விறைக்காது. ஆனால் மிஸ் வந்து பார்க்கும்போது மூன்று பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் மண்வெட்டிதான் தெரிந்தது.

என்னுடைய பேச்சு அண்ணைக்குச் சுட்டுவிட்டது. அவர் மண்ணெண்ணெயை மனைவியின் பழைய சேலைத் துண்டால் திரும்பத் திரும்ப வடித்தார். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டினார். அதற்குப் பிறகு அது கோயில் மேளம்போல ஒரே சீராக ஓடியது. ஒரு இருமல் இல்லை. மெசினும் விறைக்கவில்லை. நான் சொன்னது சரிதானே என்று நான் நினைத்தேன். தன் எஞ்சினைப் பற்றித் தான் சொன்னது சரிதானே என்று அவரும் நினைத்திருப்பார்.

குழு வருவதற்கு முதல்நாள் பின்னேரம் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயப் பிள்ளையின் பக்கங்கள் பிறின்ரரில் வந்துகொண்டிருந்தன. அண்ணை யன்னலுக்கு வெளியே வந்து நின்றார். எஞ்சினின் பெருமையை யாரும் கண்டுகொள்ளாத கவலைபோலும். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே எஞ்சினைப்போல இருமினார். டுப்டுப்டுப், டுப்... க்ஹா... டுப்... க்ஹா. அவ்வளவு தத்ரூபம். முப்பது வருஷம் எஞ்சினோடு சீவித்தவர்.

நாலு பேருடைய விரலும் ஒரே கணத்தில் சேமிக்கும் விசைக்குப் போயின.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் நாங்கள் காதால்தான் சீவித்தோம். மேலே வருவது ஹெலியா பொம்பரா என்று சோற்றைக் குழைத்தபடியே சொல்லக்கூடிய ஊர் அது. எஞ்சின் இருமினால் சேமி என்று நான் ஒரு பாடத்திலும் படிப்பித்ததில்லை. அவர்களாகவே பழகிக்கொண்டது.

நாலு திரையும் விறைத்தன.

வழக்கப்படி நான் பிளக்கிடம் ஓடியிருப்பேன். ஆனால் அன்று எனக்குக் கோபம் முந்திக்கொண்டது. யன்னலுக்கு ஓடினேன்.

"என்ன அண்ணை விசர் விளையாட்டு இது?"

"நான் இருமினால் உங்கடை மெசினுக்கு என்ன மாஸ்ரர்? எனக்கும் அதுக்கும் வயர் ஏதும் கொழுவிக் கிடக்கே?"

வெளியே எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி மீற்றரைப் பார்த்தேன். முள் செதுக்கி வைத்ததுபோல நின்றது. கரண்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மனிதர் இருமினார், நாலு பேர் சேமித்தார்கள், என் மெசின் விறைத்தது. இதில் எஞ்சினுக்கு ஒரு பங்கும் இல்லை.

பிளக்கைப் பிடுங்காமல் விறைத்த மெசினைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பார்த்திருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும். பிறின்ரரின் தலை ஒரு வரியின் நடுவில் நின்றது. பிளொப்பியின் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் சுற்றவில்லை. இரண்டும் எதையோ காத்திருந்தன. இரண்டும் ஒன்றையொன்று காத்திருந்தன.

அதன் கதை இதுதான். அச்சடிக்கும் நிரல் முதலில் பிறின்ரரின் திறப்பை எடுக்கும். பிறகு அடிக்கவேண்டிய பக்கத்தை வாசிக்கப் பிளொப்பியின் திறப்பைக் கேட்கும். சேமிக்கும் நிரல் முதலில் பிளொப்பியின் திறப்பை எடுக்கும். எழுதி முடித்ததும், சேமித்தாயிற்று என்று ஒரு வரியைப் பிறின்ரரில் அடிப்பதற்காக அதன் திறப்பைக் கேட்கும். அந்த ஒரு வரி பிள்ளைகளின் மன ஆறுதலுக்காக நானே சேர்த்த அலங்காரம். ஆக ஒருவனிடம் குளியலறைத் திறப்பு, மற்றவனிடம் கொட்டில் திறப்பு. நீ தந்தால்தான் நான் தருவேன் என்று இரண்டு பேரும் முற்றத்தில் நிற்கிறார்கள். வெளியே சேமிக்க வந்த மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில். ஒரே திறப்பு இருந்த காலத்தில் இந்தச் சண்டைக்கே வழியில்லை. ஆறு திறப்புக் கொடுத்தவன் எதை முதலில் எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்ற நாட்களில் ஏன் விறைக்கவில்லை என்றால், பிள்ளைகளின் நல்ல பழக்கம். பழைய ஆமைப்பூட்டுக் காலத்தில் பழகியபடி, பிறின்ரர் சத்தம் ஓயும்வரை பார்த்திருந்துதான் மற்றவர்கள் சேமிப்பார்கள். இருமல் கேட்டால் மட்டும் மரியாதை பறந்துவிடும். என் பிழையைக் கிழமைக்கணக்கில் மூடிவைத்தது அவர்களுடைய மரியாதை. வெளியே இழுத்துவிட்டது அவர்களுடைய பதற்றம். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கித் தடயத்தைத் துடைத்தது என்னுடைய பதற்றம்.

"சேர், பிளக்கைப் பிடுங்கேல்லையோ?" என்று வெங்காயப் பிள்ளை கேட்டாள். அவளுக்கும் பழகிவிட்டது.

"பொறும் பிள்ளை. அண்ணை, இன்னும் கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடுமோ?"

"என்ரை எஞ்சின் ஓடும். நீங்கள்?"

பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டதால் மெசினை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். திருத்தம் சின்னது. இரண்டு திறப்பும் தேவைப்படுகிறவர் முதலில் பிளொப்பித் திறப்பைத்தான் எடுக்க வேண்டும், பிறகுதான் பிறின்ரர். பிறின்ரர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிளொப்பியை ஒருவரும் கேட்கக் கூடாது. அச்சடிப்பவர் பக்கத்தை முழுவதாக வாசித்து, பிளொப்பித் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறின்ரருக்குப் போகட்டும். எல்லோரும் ஒரே ஒழுங்கில் எடுத்தால் முற்றத்தில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்க வழியில்லை. எழுதி முடித்து, ஒரு பக்கத்தை அச்சுக்குக் கொடுத்ததும் யன்னலைப் பார்த்து, "அண்ணை, ஒருக்கா இருமுங்கோ" என்றேன். அவர் நெஞ்சைச் செருமிக்கொண்டு பாடகரைப்போலத் தயாரானார். இருமினார். நாலு பேரும் சேமித்தார்கள். பிறின்ரர் தன் பக்கத்தை முடித்துவிட்டு, சேமித்தாயிற்று என்று வரிசையாக அடித்தது. எண்ணெய் தீருமட்டும் அவரை இருமவைத்தேன். கடைசியில் அவருக்கு உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் குழு வந்தது. பெரிய சேர் முன்னால், மிஸ் பின்னால், இன்னும் இரண்டு பேர். நாலு பிள்ளைகளும் தட்டினார்கள், பிறின்ரர் ஓடியது, ஒருவரும் கூரையைப் பார்க்கவில்லை. மிஸ் கூரையைப் பார்த்தார், அதில் என்ன இருக்கிறது என்று அறியவாக்கும்.

அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமியது. இம்முறை உண்மையான இருமல். வடித்த எண்ணெய் முடிந்து வேறு போத்தலை ஊற்றியிருந்தார்கள். நாலு விரலும் ஒன்றாகப் பாய்ந்தன. என் கை பிளக்கில் இருந்தது. எப்போது போனதென்று எனக்கே தெரியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திருத்தியதும் நான்தான், சோதித்ததும் நான்தான், ஆனாலும் கை நம்பவில்லை. பிறின்ரர் ஒரு கணம் ஓய்ந்தது. பிறகு கிறுக்கென்று ஒரு வரி அடித்தது. இன்னொரு வரி. கண்ணைத் திறந்தபோது திரைகள் எல்லாம் உயிரோடு இருந்தன. வெளியே எஞ்சினும் மூச்சை மீட்டுக்கொண்டது.

"ஏன் பிளக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று மிஸ் கேட்டார்.

"கழண்டு போகாமலிருக்க மிஸ்."

பெரிய சேரின் முகம் மலர்ந்துவிட்டது. "வடிவாச் செய்துபோட்டீர் ஐசே," என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. மண்வெட்டி கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

மிஸ் மெதுவாகக் கேட்டார். "அப்ப முந்தி இரண்டு மணித்தியாலம் எடுத்த வேலை, இப்ப நாலு பேரும் ஒண்டாச் செய்தால் ஒரு மணித்தியாலத்திலை முடியுமோ?"

கேள்வி எங்கே போகிறது என்று பெரிய சேருக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். புகழ்ச்சியில் மிதப்பவனுக்குக் கண் எங்கே தெரியும்?

"அதுக்கு முன்னமே முடியும் மிஸ்."

"நல்லது," என்றார் மிஸ். "அப்ப மற்ற மணித்தியாலத்தைப் பம்புக்குத் தாங்கோ."

குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருந்தது? அன்றிலிருந்து ஒரு மணித்தியாலம் எங்களுக்கு, ஒரு மணித்தியாலம் விடுதிக்கு. வெங்காயப் பிள்ளைக்கு ஆய்வும் முடிந்தது, தலையும் முழுகினாள். கூடத்துக்கு அரைநாள் ஆள் போதும் என்று பெரிய சேர் சொன்னபோது அவர் முகத்தில் கவலை இருந்தது. அவரும் பாவம், என் வாயை அவரால் பூட்ட முடியவில்லை.

மிச்ச அரைநாளுக்கு நான் புத்தூருக்குப் போனேன். மச்சான் புதுப்பிடியை எண்ணெய் தடவியே வைத்திருந்தான். முதல்நாள் காலை நான் குனிந்து நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருக்க, கிணற்றடியில் அவனுடைய மண்ணெண்ணெய்ப் பம்ப் இருமியது. என் விரல்கள் மண்வெட்டிப் பிடியில் சேமிக்கும் விசையை அழுத்தின.

"என்ன அத்தான் செய்யிறியள்?" என்று மச்சான் கேட்டான்.

"ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினேன்.